தனியாக உட்கார்ந்து ஆல்பம் எழுதப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கிட்டார் எடுத்துப் பாடும் நம் பிள்ளைகள் பலருக்கு ஒரே ஆசை. டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, போனை அணைத்து வைத்துவிட்டு, திரும்பி வரும்போது முழு ஆல்பத்தோடு வர வேண்டும். நல்ல ஆசைதான், போய் வாருங்கள் என்றே சொல்வேன். ஆனால் லீவும் காசும் வீணாகாமல் இருக்க வேண்டுமே.

தனிமையே பாட்டைக் கொடுத்துவிடும் என்று நம்பிப் போவதுதான் பெரிய தவறு. போன் ஈவேர் என்ற பெயரில் அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னான் செய்த 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' ஆல்பத்தின் கதை எல்லோருக்கும் தெரியும்: 2006 கடைசியில் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிசைக்குப் போனார், குளிர்காலம் முழுக்க இருந்தார், பாட்டோடு வந்தார். அதற்கு முன்பே பல வருடம் குழுக்களில் வாசித்தவர், ரெக்கார்டிங் வேலை தெரிந்தவர், குழு கலைந்து உடம்பும் கெட்டு மனசில் நிறைய சேர்ந்த பிறகு போனவர் என்பதை யாரும் சொல்வதில்லை. அதில் வரும் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் வேறு ஆட்கள் வாசித்தவை. இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972) ஆளில்லாத அறையில் பாடியது போலவே கேட்கும். ஆனால் அது லண்டனில் முறையான ஸ்டுடியோவில், ஜான் வுட் என்ற என்ஜினியர் கூடவே இருந்து, இரண்டே இரவில் பதிவானது. அதனால் அரைகுறையாகவாவது நாலைந்து மெட்டு கையில் இல்லாமல் மலை ஏறாதீர்கள்.

அடுத்தது, சத்தம் கரடுமுரடாக இருந்தால்தான் உண்மையாக இருக்கும் என்ற எண்ணம். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தின் பாடல்களை வீட்டில் நாலு ட்ராக் கேசட் மெஷினில் மாதிரிக்காகத்தான் பதிந்தார். பிறகு குழுவோடு வாசித்துப் பார்த்தும் அந்த உயிர் வராததால் கேசட்டையே வெளியிட முடிவானது. அதை இசைத்தட்டுக்கு மாற்ற என்ஜினியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கவனமில்லாமல் பதிந்துவிட்டு 'இதுதான் என் ஸ்டைல்' என்று சொல்ல அதை உதாரணம் காட்டாதீர்கள்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியதும் நிறைய. மலையில் கோடைக்காலத்தில் மத்தியானம் தாண்டினால் இடி மழை, அதுவும் தகரக் கூரை என்றால் அன்றைய வேலை முடிந்தது. ஜூன் ஜூலையில் போனால் அமைதி, ஆனால் குளிரும் வறட்சியும் சேர்ந்து கிட்டார் பலகையைச் சுருக்கிவிடும், சுருதி நிற்காது, பெட்டிக்குள் ஈரத்துக்கு ஏதாவது வைத்தே ஆக வேண்டும். விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் ஹடீடா பறவைக் கூட்டம் கத்திக்கொண்டு பறக்கும், எந்தப் பதிவும் பிழைக்காது, ஆகவே இரவு வேலைதான் சரி. கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், லாப்டாப் பேட்டரியில் ஓடும்போது சார்ஜர் வழியாக வரும் இரைச்சல்கூட இருக்காது. மைக்கை கிட்டார் ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள், வெறும் கும்முதான் வரும். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வைத்தால் விரல் படுவதுகூடத் தெளிவாகக் கேட்கும்.

சொற்களில் நடக்கும் தவறு எனக்கு இன்னும் வருத்தம். நாலு தலைமுறை தாண்டி வந்த தமிழ் நம்மிடம் கொஞ்சம்தான் இருக்கிறது என்பதற்காக, வெட்கப்பட்டு சினிமாப் பாட்டிலிருந்து உயிரே, நிலவே என்று கடன் வாங்குகிறார்கள். 'உன் நினைவில் உருகுகிறேன்' என்றால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. 'உன் மழைக்கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குது' என்று பாடுங்கள், போனது யார், எவ்வளவு நாளாச்சு என்று கேட்பவர் தானே யோசிப்பார். பாட்டியிடம் கேட்ட வீட்டுத் தமிழ் போதும், இடையில் இங்கிலீஷோ ஜூலு வார்த்தையோ வந்தால் வரட்டும்.

வெர்னான் செய்தது போல முதலில் வார்த்தையில்லாமல் முனகி மெட்டுப் பிடித்து, பிறகு அந்த ஒலிக்கு வார்த்தை போடுவது நல்ல வழி. நம் கிராமத்துப் பாட்டில் தன்னானே போட்டுப் பாடுவதும் அதுதானே. ஆனால் தமிழில் குறில் நெடில் பார்க்க வேண்டும். மெட்டு நீளுகிற இடத்தில் 'மலை' வந்து விழுந்தால் கேட்பவர் காதில் 'மாலை'தான், 'கல்' என்றால் 'கால்'. வார்த்தையை மாற்றுங்கள், இல்லை மெட்டைச் சுருக்குங்கள். தயவுசெய்து அப்படியே விடாதீர்கள்.

தனி ஆள், ஒரு கிட்டார் என்றதும் அமெரிக்கக் குடிசையை மட்டும் பார்ப்பதும் தவறுதான். நம் குவாசுலு நடாலிலேயே மஸ்கண்டி இருக்கிறது. வேலை தேடி ஊர் ஊராக நடந்த ஜூலு ஆட்கள் நடந்துகொண்டே வாசித்து வளர்த்த இசை. டர்பன் தெருவில் வாசித்துப் பேர் வாங்கிய புசுஷுகேலா என்கிற ஜான் பெங்குவைக் கேட்டுப் பாருங்கள், கட்டைவிரல் கீழ்ச்சுரத்தைப் பிடித்திருக்க மற்ற விரல் தனியாக மெட்டுப் போகும், நடுவில் பாட்டை விட்டு வேகமாகப் பேச்சு வரும். ஒரே ஆள் வாசித்தும் ஆல்பம் சலிக்காமல் இருக்க வழி அங்கே இருக்கிறது. பத்துப் பாட்டும் ஒரே வேகம், ஒரே சுருதி, ஒரே விரல் நடை என்று வருவதுதான் தனியாக எழுதுபவர்களின் தீராத வியாதி.

கடைசியில், எழுதுவதற்குத் தனிமை வேண்டும், ஆனால் முடிவு செய்வதற்கு வேண்டாம். ஒரே பாட்டை நூறு முறை ஹெட்போனில் கேட்ட காதுக்கு எதுவும் தெரியாது, குரலுக்கு மேல் குரல் அடுக்கிக்கொண்டே போகத் தோன்றும். மிக்ஸ் முடிக்கும் முன் தமிழ் தெரிந்த ஒருவருக்கும் தெரியாத ஒருவருக்கும் போட்டுக் காட்டுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், எந்த இடத்தில் கவனம் போச்சு என்று மட்டும் கேளுங்கள். அப்புறம், வெளியிடும் முன், பாட்டு எழுதியவர்களுக்கு உரிமைத் தொகை வசூலித்துத் தரும் சாம்ரோவில் பாடல்களைப் பதிவு செய்துவிடுங்கள், ரெக்கார்டிங் தொழில் சங்கமான ரிசா மூலம் ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண்ணும் வாங்கிவிடுங்கள். ரேடியோவில் ஓடிய பிறகு அலைவது வீண் வேலை.