ரப்பர் தரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்
ஊட்டி, குன்னூர் பக்கம் பூங்காவுக்குப் போனால், ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் கீழே ரப்பர் தரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குழந்தையை விடும் முன் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கி எழுந்தால் சரி. கல்லாக இறுகியிருந்தால் விழும் தலையை அது காக்காது. ஊட்டியின் 2,200 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை; ரப்பர் சீக்கிரம் வெடித்து உதிரும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் தரை விறைத்து வழுக்கவும் செய்யும். வெயில் ஏறட்டும், அவசரமில்லை.

உதிரும் கறுப்புத் துகள் பெரும்பாலும் பழைய டயரை அரைத்தது. கண்டதையெல்லாம் வாயில் போடும் வயதென்றால் அங்கே தவழவிடாதீர்கள். பெரிய பிள்ளைகளுக்கும் கை கழுவிய பிறகுதான் வர்க்கி பிஸ்கட். என் பையில் தண்ணீர் பாட்டில் இருப்பதே அதற்குத்தான்.