செப்பாங்கில் ரேஸ் பார்க்க நல்ல இடம் பிடிப்பது எப்படி

டிக்கெட் விலையைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள், தடத்தின் வரைபடத்தைப் பாருங்கள். மலேசியாவின் செப்பாங் சர்க்யூட்டுக்கு மோட்டோஜிபி பைக் ரேஸ் பார்க்கக் கிளம்பும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏனென்றால் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், எந்த ஸ்டாண்டில் உட்கார்ந்தாலும் அதில் ஒரு துண்டுதான் கண்ணில் படும், அந்தத் துண்டு முந்துவதற்கான சண்டை நடக்கிற இடமாக இருக்க வேண்டும்.

வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். மொத்தம் 15 வளைவுகள், ஓட்டம் கடிகாரச் சுற்றில். முதலில் இரண்டு நீளமான நேர்பாதைகளைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடும், நடுவில் இரண்டு பக்கமும் பார்க்கும்படி மெயின் கிராண்ட்ஸ்டாண்ட் நிற்கும், இரண்டையும் இணைப்பது கடைசி வளைவான 15, ஒரு ஹேர்பின், அதாவது கொண்டை ஊசி வளைவு. நேர்பாதை எங்கே முடிகிறதோ அங்கேதான் பிரேக்கை அழுத்துவார்கள், அங்கேதான் முந்துவார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உலகத்தில் எந்த சர்க்யூட்டின் வரைபடத்தையும் நீங்களே படித்துவிடலாம். 1999-இல் திறந்த இந்தத் தடத்தை வடிவமைத்த ஹெர்மன் டில்கே, பிறகு பஹ்ரைன், ஷாங்காய் என்று வரிசையாகப் பல தடங்களை வரைந்தார். அவற்றிலும் நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் மெதுவான வளைவு என்ற கணக்கைப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது செப்பாங்தான். குறுகலான இடத்தில்கூட 16 மீட்டர் அகலம் இருப்பதால் ஒரே வளைவுக்குள் இரண்டு பேர் இரண்டு வேறு வழியில் நுழைய முடிகிறது.

முதல் தேர்வு 1, 2 வளைவுகள், அதாவது கே1 ஸ்டாண்ட். மெயின் நேர்பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரும் பைக்குகள் இங்கே பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்கும், பின் டயர் தரையை விட்டு எழும்பி இப்படியும் அப்படியும் ஆடும், ஓட்டுபவர் உள்பக்கக் காலை வெளியே தொங்கவிடுவார். டிவியில் இதெல்லாம் ஒரு நொடியில் போய்விடும், நேரில் பார்த்தால்தான் எவ்வளவு வேகத்தைக் கொல்கிறார்கள் என்று உறைக்கும். வலப்பக்கம் சுருங்கிக்கொண்டே போகும் 1-ஆவது வளைவு முடிந்த கையோடு 2-ஆவது இடப்பக்கம் இறக்கத்தில் திரும்புகிறது. அதனால் முதலாவதில் முந்தியவர் அகலமாகப் போய்விட்டால் பின்னால் வந்தவர் இரண்டாவதில் உள்ளே புகுந்து இடத்தைத் திரும்ப வாங்கிவிடுவார். ஒரே இருக்கையில் இருந்து இரண்டு முந்தல்!

இன்னொரு இடம் 15-ஆவது ஹேர்பின். ஆனால் அதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய 14-ஐப் பார்க்க வேண்டும். அது வலப்பக்க வளைவு, பைக் சாய்ந்திருக்கும்போதே பிரேக் பிடித்தாக வேண்டும், அங்கே சின்னதாகத் தவறினாலும் வெளியேறும் வேகம் குறையும், அதற்கான விலையை 14-க்கும் 15-க்கும் நடுவில் உள்ள பின் நேர்பாதை முழுக்கக் கொடுக்க வேண்டும். 2015-இல் மோட்டோஜிபி வீரர்கள் ரோஸியும் மார்க்கெஸும் மோதி மார்க்கெஸ் கீழே விழுந்தது இந்த 14-இல்தான். 2016-இல் தடத்தைப் புதுப்பித்தபோது 15-ஆவது வளைவின் உள்பக்கத்தை உயர்த்தினார்கள். அதனால் உள்பக்கமாக நெருக்கிப் போவது கஷ்டமாகி, வெளியே அகலமாகப் போய்த் திரும்புகிறவர்களுக்கும் வாய்ப்பு வந்தது. கிராண்ட்ஸ்டாண்டில் இருந்தால் 15-ஐ நெருங்கும்போது யார் எந்தப் பக்கம் போகிறார் என்று பாருங்கள், அடுத்த நேர்பாதையில் யார் முன்னால் வருவார் என்று ஊகிக்கலாம்.

5, 6 வளைவுகள் வேறு ரகம். அங்கே முந்தல் குறைவு, ஆனால் இடமும் வலமுமாக வேகத்தோடே பைக்கைப் புரட்டிப் போடும் அழகுக்காகவே வெள்ளிக்கிழமை பயிற்சியில் போய் நிற்கலாம். 9-ஆவது மெதுவான இடப்பக்க வளைவு, ஏற்றத்தில் இருக்கிறது, அங்கேயும் முந்துவார்கள். மற்றவற்றைப் பெரிய திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மழை. பிற்பகலில் வானம் இருண்டால் சும்மா போகாது. இங்கே நடந்த 2009 ஃபார்முலா ஒன் கார் ரேஸை மாலை 5 மணிக்குத் தொடங்கினார்கள், கொட்டித் தீர்த்ததில் பாதியில் நிறுத்தி, வெளிச்சமும் போய், கடைசியில் வென்ற ஜென்சன் பட்டனுக்குப் பாதிப் புள்ளிதான் கிடைத்தது. எனவே புல்மேட்டு டிக்கெட் எடுத்தால் ரெயின்கோட் எடுத்துப் போங்கள், குடை வேண்டாம், விரித்தால் பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. கூரையுள்ள இடம் என்றால் வெயிலுக்கும் சேர்த்து நிம்மதி. குழந்தைகளோடு போகிறவர்கள் கூரைக்கே காசு கொடுங்கள், வெயில் அங்கே சாதாரணமில்லை.

காதடைப்பான் கண்டிப்பாக வேண்டும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. ரயிலில் வருகிறீர்கள் என்றால் கோலாலம்பூர் விமான நிலைய ரயிலான கேஎல்ஐஏ டிரான்சிட்டில் சாலாக் திங்கி நிலையத்தில் இறங்கி அங்கிருந்து வண்டி பிடியுங்கள். ரேஸ் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், அன்றைக்கே விமானம் ஏற வேண்டியிருந்தால் பக்கத்தில்தானே விமான நிலையம் என்று நம்பாமல் இரவு நேர விமானமாகப் பார்த்து எடுங்கள்.