மதுரையிலிருந்து காலனியப் பேரரசின் கதையைப் படிக்கும் முறை

ஆண்டுகளை மனப்பாடம் செய்வதற்கு முன், 1498இல் வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக்கு இழுத்தது மிளகு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, பலரும் தாண்டிச் செல்லும் இணைப்பைத் தேடுங்கள்: 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்ததைத் தொடர்ந்து மூண்ட போர்களில், பிரான்சோடு மைசூர் மன்னர் திப்பு சேர்ந்துவிடுவாரோ என்ற அச்சத்தை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி முன்னிறுத்தினார், 1799இல் திப்பு வீழ்ந்தார், 1801இல் கர்நாடக நவாபின் (ஆற்காடு நவாபின்) ஆட்சியுரிமை கம்பெனியிடம் சென்றது, மதுரையும் அதனுள் அடங்கியது. இந்தப் பகுதிக்கே அதிக நேரம் கொடுங்கள்.

பிறகு மதுரையின் வெளி வீதிகளில் நடந்து பாருங்கள். ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த இடங்கள் அவை. தொழிற்புரட்சியை அறிய, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்லையும், நம் கைத்தறி நெசவாளர்கள் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணியோடு போட்டியிட நேர்ந்ததையும் சேர்த்துப் படியுங்கள்.