பள்ளி மாவட்டத்துக்குப் புதுத் தலைவர்: உள்ளே இருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா? பெற்றோருக்கான செய்முறை

அமெரிக்காவில் வீடு தேடும்போதே ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?’ என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் நாம் கையெழுத்துப் போடுகிறோம். அந்த டிஸ்ட்ரிக்ட்டை, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பை, நடத்தும் தலைவரான சூப்பரின்டெண்டென்ட் மாறும்போது நமக்கும் அதில் ஒரு குரல் உண்டு என்பது எனக்கு இங்கே வந்து ஏழு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் சூப்பரின்டெண்டென்ட் ஓய்வு பெறுவதாக வந்த மின்னஞ்சலை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு தோழி சொல்லி, இறுதிப் பட்டியலில் இருந்த இருவரைச் சந்திக்கும் பெற்றோர் குழுவில் உட்கார்ந்தேன். அங்கே கற்றதை, முதல் தடவை இதைப் பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் முதன்மைக் கல்வி அலுவலரை அரசு நியமிக்கும். ஓர் உத்தரவு வந்தால் அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விடுவார். இங்கே அப்படி இல்லை. நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலானவற்றில் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஸ்கூல் போர்டு இருக்கும். 5, 7, 9 என்று அதில் உறுப்பினர்கள். அவர்கள் ஆள் தேடி, நேர்காணல் நடத்தி, ஒப்பந்தம் போட்டு எடுப்பவர்தான் சூப்பரின்டெண்டென்ட். விதிவிலக்குகளும் உண்டு. நியூயார்க் நகரில் 2002 முதல் மேயரே நியமிக்கிறார், பதவியின் பெயரும் சான்சலர். ஃப்ளோரிடாவிலும் அலபாமாவிலும் சில மாவட்டங்களில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

‘நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், எனக்கு ஓட்டே இல்லையே’ என்று நினைக்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோ போன்ற சில இடங்களைத் தவிர, குடியுரிமை இல்லாத பெற்றோர் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் போர்டு கூட்டத்தில் பேச யாரும் உங்கள் விசாவைக் கேட்பதில்லை.

படி 1: தேதிகளைக் கையில் எடுங்கள்

பெரும்பாலான மாநிலங்களில் புதியவரின் ஒப்பந்தம் ஜூலை 1 அன்று தொடங்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இலையுதிர் காலத்தில் அறிவிப்பு, குளிர்காலத்தில் பெற்றோர் கருத்துக்கணிப்பும் விண்ணப்பங்களும், மார்ச் ஏப்ரல் வாக்கில் முடிவு. நாம் விழித்துக்கொள்வது பெரும்பாலும் மார்ச்சில். அதற்குள் பாதி முடிவு ஆகியிருக்கும்.

உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். ஃப்ளோரிடாவில் விண்ணப்பித்தவர்களின் பெயர்களே பொதுவில் வந்துவிடும். டெக்சஸில் போர்டு இறுதி ஆளின் பெயரை அறிவித்து, குறைந்தது 21 நாள் கழித்துத்தான் வேலைக்கு எடுக்கலாம். அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் அறிவிப்பார்கள், ‘லோன் ஃபைனலிஸ்ட்’ (இறுதிப் பட்டியலில் இருக்கும் ஒரே ஆள்) என்று. டெக்சஸின் ஃப்ரிஸ்கோவிலோ கேட்டியிலோ இருக்கும் நண்பர்களே, பெயர் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால், ஏறக்குறைய முடிந்துபோன விஷயத்தைப் பற்றித்தான் பேசுவீர்கள்.

படி 2: பெயர்கள் வருவதற்கு முன் வேலையை எழுதுங்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பெயர் வந்துவிட்டால் முகம் மனதில் ஒட்டிக்கொள்ளும். அவர் சிரித்த விதம், நம் பெயரைச் சரியாக உச்சரித்தது, அழகான ஆங்கிலம், எல்லாம் சேர்ந்து முடிவெடுத்துவிடும். அதனால் ஒரு தாளை எடுத்து, அடுத்த மூன்று வருடத்தில் நம் மாவட்டத்தில் நடந்தாக வேண்டிய காரியங்களை எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக ‘தரமான கல்வி’ என்று எழுதினால் பயனில்லை. நான் எழுதியது இது: மாணவர் எண்ணிக்கை குறைவதால் எந்தத் தொடக்கப் பள்ளியை மூடுவது என்ற கேள்வி வரப்போகிறது, பஸ் ஓட்டுநர்கள் போதவில்லை, வீட்டு மொழி தமிழ் என்று படிவத்தில் எழுதிய ஒரே காரணத்தால் குழந்தைக்கு ஆங்கிலச் சோதனை வைக்கிறார்கள், அது ஏன் என்று பெற்றோருக்கு யாரும் புரியும்படி சொல்வதில்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தொடர வேண்டுமா, ஓடாததை நிறுத்தி மாற்ற வேண்டுமா? தொடர வேண்டியவை அதிகம் என்றால் உள்ளே இருப்பவர் பக்கம் தராசு சாய்கிறது. மாற்ற வேண்டியவை அதிகம் என்றால் வெளியாள் பக்கம். 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் கார்ல்சன் என்ற ஆய்வாளர் கிட்டத்தட்ட இதையேதான் கவனித்தார். இருக்கும் நிலையில் திருப்தியாக இருக்கும் போர்டு உள்ளே இருந்து எடுக்கிறது, மாற்றம் வேண்டும் என்று நினைக்கும் போர்டு வெளியிலிருந்து கொண்டுவருகிறது. ஊரோடு ஒட்டியவர்கள், பதவியைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் என்று அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் விண்ணப்பங்களைப் பார்த்தால் இந்த இரண்டு வகையும் கண்ணில் படும்.

படி 3: நடந்த கதைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கலிபோர்னியாவின் லாங் பீச் மாவட்டத்தில் 1992இல் கார்ல் கோன் தலைவரானார். அந்த மாவட்டத்திலேயே வேலை பார்த்து மேலே வந்தவர். அவருக்குப் பின் 2002இல் வந்த கிறிஸ் ஸ்டைன்ஹவுசரும் உள்ளே இருந்தவர். 2020 வரை 18 வருடம் இருந்தார். அவருக்குப் பின் ஜில் பேக்கர், அவரும் உள்ளே இருந்தவரே. நகரப் பள்ளி மாவட்டங்களுக்குத் தரப்பட்ட பிராட் பரிசு 2003இல் அவர்களுக்குக் கிடைத்தது. நாம் பள்ளி என்றாலே சீருடை என்று வளர்ந்தவர்கள். அமெரிக்காவின் பெரிய நகர மாவட்டங்களில் எட்டாம் வகுப்பு வரை சீருடையைக் கட்டாயமாக்கிய முதல் மாவட்டம் லாங் பீச்தான், 1994இல். உள்ளே இருப்பவர் எதையும் மாற்ற மாட்டார் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பக்கத்திலேயே இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் வேறு வழியில் போனது. 2006இல் ஓய்வு பெற்ற கடற்படை வைஸ் அட்மிரல் டேவிட் ப்ரூவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டே வருடத்தில், 2008 டிசம்பரில், 5 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். 2016இல் அதே மாவட்டத்துப் பள்ளிகளில் படித்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து உயர்ந்த மிஷெல் கிங். அவர் நோயால் விலக நேர்ந்தபின், 2018இல் முதலீட்டு வங்கித் துறையிலிருந்து வந்த ஆஸ்டின் பியூட்னர். ஒவ்வொரு முறையும் திசை மாறினால் கீழே இருக்கும் தலைமையாசிரியர் எந்தத் திட்டத்தை நம்பி வேலை செய்வார்?

நியூயார்க்கில் 2010 இறுதியில் பத்திரிகை நிறுவன நிர்வாகி கேத்தி பிளாக்கை மேயர் தேர்ந்தெடுத்தார். கல்வித் துறைத் தகுதி இல்லாததால் மாநிலத்திடம் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் பொறுப்பேற்றவர் ஏப்ரலில் விலகினார். 2014இல் வந்த கார்மென் ஃபரீனா அந்த நகரிலேயே ஆசிரியராகத் தொடங்கியவர். ஓய்விலிருந்து திரும்பி வந்து 2018 வரை நடத்தினார். அதன் பிறகு மயாமி மாவட்டத்தின் தலைவர் ஆல்பர்ட்டோ கார்வாலோவை அடுத்த சான்சலராக நகரம் அறிவித்தது. மறுநாள், 2018 மார்ச் 1 அன்று, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான மயாமி போர்டு கூட்டத்தில், நியூயார்க்குக்குப் போகப்போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

இதிலிருந்து உள்ளே இருப்பவரே எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. லாங் பீச்சில் அது பலித்ததற்குக் காரணம், அங்கே அடுத்தவரைத் தயார் செய்துகொண்டே வந்தார்கள். துணைத் தலைவர் நாற்காலியில் இருக்கிறார் என்பதற்காகவே ஒருவரை மேலே ஏற்றினால் நாற்காலி நிரம்பும், வேலை நடக்காது. உங்கள் போர்டிடம் கேளுங்கள்: ‘இந்தப் பத்து வருடத்தில் இந்தப் பதவிக்கு எத்தனை பேரை வளர்த்திருக்கிறீர்கள்?’ பதில் வராவிட்டால், வெளியே தேடுவது தவிர்க்க முடியாதது.

மூன்றாவது வழியும் இருக்கிறது, ஒரு வருடத்துக்கு இடைக்காலத் தலைவர். அவர் நிரந்தரப் பதவிக்கும் விண்ணப்பிக்கலாமா என்பதை முதலிலேயே போர்டு சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வெளியே இருக்கும் நல்லவர்கள் ‘ஆள் ஏற்கெனவே முடிவாகிவிட்டது’ என்று விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

படி 4: இருவரிடமும் வேறு வேறு கேள்வி கேளுங்கள்

எங்கள் கூட்டம் ஒரு தொடக்கப் பள்ளி நூலகத்தில் நடந்தது. ஆறு வயதுக் குழந்தைகள் உட்காரும் குட்டை நாற்காலிகள், முழங்கால் மேசைக்கு மேலே வந்துவிட்டது. பெற்றோர், ஆசிரியர்கள் என்று பன்னிரண்டு பேர். அதில் ஒரு பஸ் ஓட்டுநர் அம்மாவும் இருந்தார். எல்லோரும் ‘உங்கள் கனவு என்ன?’ என்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: ‘காலையில் முதல் பஸ் கிளம்பும் நேரத்தில் டிப்போவுக்கு வந்திருக்கிறீர்களா?’

உள்ளே இருந்து வந்தவர் டிப்போ மேற்பார்வையாளரின் பெயரைச் சொன்னார், வாசல் எந்தப் பக்கம் என்றுகூடச் சொன்னார். கடைசியாகப் போய் நாலு வருடம் ஆகிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். வெளியிலிருந்து வந்தவர் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: ‘இன்று காலை எத்தனை ரூட்டை ஒரே ஓட்டுநர் இரண்டு தடவை ஓட்டினார்?’ அந்த அம்மா சொன்ன எண்ணைக் குறித்துக்கொண்டார். ஒருவருக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது, இன்னொருவருக்கு எல்லாமே புதிதாகத் தெரிந்தது. இருவரைப் பற்றியும் நான் அதுவரை நினைத்தது அந்த ஐந்து நிமிடத்தில் மாறியது.

உள்ளே இருப்பவரிடம் கேட்க வேண்டியது: ‘நீங்கள் இருந்தபோதே எடுத்த முடிவுகளில் எதை முதல் வருடத்திலேயே திருத்துவீர்கள்?’ நான் ஆங்கிலச் சோதனை பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: ‘சோதனை விதி மாநிலத்தினுடையது. பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் எங்களுடையது. அது மோசமான கடிதம், நான்தான் அதில் கையெழுத்துப் போட்டேன்.’ தன் பழைய தலைவர் மேல் பழியைப் போடாமல் தன் கையெழுத்தைக் காட்டினாரே, அந்த மாதிரி பதிலுக்காகக் காத்திருங்கள்.

வெளியாளிடம்: ‘போன ஊரில் நீங்கள் தொடங்கியதில் எது இன்னும் ஓடுகிறது? அங்கிருந்து ஏன் கிளம்புகிறீர்கள்?’ இரண்டு வருடத்துக்கு ஓர் ஊர் என்று மாறியவரானால், ஒவ்வொரு ஊருக்கும் காரணம் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படி 5: சொன்னதைச் சரிபாருங்கள்

ஆள் தேட போர்டு அமர்த்தும் நிறுவனம் எல்லாவற்றையும் பார்த்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அயோவாவின் டெ மொய்ன் மாவட்டம் 2023இல் வெளியிலிருந்து எடுத்த தலைவர் 2025 செப்டம்பரில் குடியேற்றத் துறையால் கைது செய்யப்பட்டார். அவர் தன் விவரக்குறிப்பில் காட்டியிருந்த ஒரு முனைவர் பட்டம் அவர் பெறாதது என்பது அப்போது ஊருக்கே தெரிந்தது. பெற்றோரால் செய்யக்கூடியது எளிது. உங்கள் ஊருக்கு வர விண்ணப்பித்தவர் முன்பு இருந்த மாவட்டத்தின் போர்டு கூட்டக் காணொளிகள் பெரும்பாலும் இணையத்தில் இருக்கும். ஏதாவது ஒரு பட்ஜெட் கூட்டத்தைப் பாருங்கள், கோபமான பெற்றோர் பேசும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். அந்த ஊரில் ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தால் இன்னும் நல்லது. நான் அப்படித்தான் முன்பின் தெரியாத ஓர் அக்காவிடம் அரை மணி நேரம் பேசினேன்.

படி 6: போர்டு கூட்டத்தில் பேசுங்கள்

இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான் தருவார்கள். முன்கூட்டியே பெயர் பதிய வேண்டியிருக்கும். படி 2இல் எழுதிய தாளிலிருந்து ஒரே ஒரு காரியத்தை எடுத்துப் பேசுங்கள். எழுதியதைப் பார்த்துப் படிக்கலாம், உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

படி 7: ஒப்பந்தத்தைப் படித்து, சொன்னதைப் பின்தொடருங்கள்

ஓட்டெடுப்பு முடிந்ததும் ஒப்பந்தம் பொது ஆவணம். எத்தனை வருடம் (கலிபோர்னியாவில் அதிகபட்சம் 4, டெக்சஸில் 5), ஆண்டு மதிப்பீடு எப்போது, இடையில் அனுப்பினால் எவ்வளவு கொடுக்க வேண்டும், இந்த மூன்றைப் பார்த்தால் போதும்.

எங்கள் போர்டு உள்ளே இருந்தவரையே எடுத்தது. அக்டோபரில் ஆங்கிலச் சோதனை பற்றிய புதுக் கடிதம் வீட்டுக்கு வந்தது. ஒரே பக்கம், மேலே கூப்பிட ஒரு தொலைபேசி எண். பஸ் ஓட்டுநர்கள் பற்றித் தருவதாகச் சொன்ன அறிக்கை இன்னும் வரவில்லை. நவம்பர் கூட்டத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறேன். அந்த ஓட்டுநர் அம்மாவும் வருகிறார்.