செல்ஃப் எடுக்காத பழைய பிக்கப்: பாகத்தை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைக்கும் ஓட்டுநர் பெரும்பாலும் "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டுமே சொல்கிறார். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் சுற்றவே இல்லையா, நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா என்பது அந்த வாக்கியத்திலிருந்து தெரிவதில்லை. சுற்றாவிட்டால் அது 'செல்ஃப் எடுக்காத' வண்டி. கோளாறு பெரும்பாலும் பேட்டரி, கேபிள், இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் ஆகிய மூன்றுக்குள் எங்கோ இருக்கிறது. சுற்றியும் பற்றாவிட்டால், டீசல் பிக்கப்பில் அது பெரும்பாலும் எரிபொருள் கோளாறுதான். முன்னதற்கு டீசல் ஃபில்டரை மாற்றுவதும், பின்னதற்குப் புதிய பேட்டரி வாங்குவதும் நான் பலமுறை கண்ட செலவுகள். இடையில் ஒரு வகை உண்டு: செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் மந்தமாக முனகிக்கொண்டு சுற்றுகிறது. டீசல் இன்ஜின் காற்றை அழுத்திப் பெறும் வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது என்பதால், வேகம் குறைந்தால் அந்த வெப்பம் எழாது. ஆகவே அப்படிப்பட்ட வண்டியை 'செல்ஃப் எடுக்காத' வகையிலேயே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை தமிழகத்தின் காய்கறிச் சந்தைகளிலும் செங்கல் சூளைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பொலேரோ பிக்கப், டாடா 207 போன்ற, இயந்திர பம்பு கொண்ட டீசல் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காமன் ரெயில் வண்டிக்கு (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக்குழாய் வழியே எல்லா சிலிண்டருக்கும் தரும் புதிய வகை) பொருந்தாத இடத்தில் அதைத் தனியே குறிப்பிடுகிறேன்.

"விளக்கு எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது"

பழைய வண்டிகளில் அதிகப் பணத்தை வீணாக்கும் முடிவு இதுதான். இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கின்றன. டீசல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாரோ 300 ஆம்பியர் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் இழுக்கிறது. பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்து, கிளாம்புக்கும் அதற்கும் இடையே 0.01 ஓம் மின்தடை உண்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் இழக்கப்படுவது 0.1 வோல்ட் மட்டுமே என்பதால், விளக்கின் வெளிச்சத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. 300 ஆம்பியர் ஓட முயலும்போது அதே இடத்தில் 3 வோல்ட் காணாமல் போகிறது. மோட்டார் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. ஹாரன் பலமாக அடிப்பதும் இப்படித்தான், பேட்டரியைப் பற்றியோ கேபிளைப் பற்றியோ எதையும் நிரூபிப்பதில்லை.

விளக்கைப் பயன்படுத்த வேண்டிய முறை வேறு. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் வெளிச்சத்தைக் கவனிக்க வேண்டும். வெளிச்சம் துளியும் குறையாமல், செல்ஃபிலும் ஒலி எழாமல் இருந்தால், மின்சாரம் மோட்டார் வரை போகவே இல்லை. சாவி சுவிட்ச், ஃபியூஸ், ரிலே, சோலினாய்டுக்கு (செல்ஃபோடு இணைந்த மின்காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்கி, 'டக்டக்டக்' என்று தொடர்ச்சியாக ஒலித்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது இணைப்பு ஒன்று கெட்டிருக்கிறது. ஒரே ஒரு கனத்த 'டக்' கேட்டு வெளிச்சம் அப்படியே நின்றால், பெரும்பாலும் சோலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தீய்ந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகியிருக்கும். அதே ஒற்றை 'டக்' ஒலியோடு விளக்கு அணைந்தே போகும் அளவுக்கு மங்கினால், மோட்டார் மின்சாரத்தை இழுத்தும் சுற்ற முடியாமல் நிற்கிறது என்று பொருள். அப்போது சமதரையில், சாவியை அணைத்துவிட்டு, வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். செல்ஃபின் சிறு பற்சக்கரமான பினியனின் பல், அது சுற்றிவிடும் இன்ஜின் ஃப்ளைவீலின் பல்லில் சிக்கியிருந்தால் இந்த அசைவிலேயே விடுபடும். இன்ஜின் சிறிதும் அசையாவிட்டால், செல்ஃபைத் தொடுவதற்கு முன் இன்ஜின் ஏன் இறுகியது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

(இந்தக் கருவியை நாம் 'செல்ஃப்' என்று அழைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இன்ஜினின் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுற்றிய காலத்தில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-இல் கேடிலாக் கார்களில் வந்தது. தானே கிளப்பிக்கொள்வது என்ற பொருளில் அது 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' ஆயிற்று. பிற நாட்டார் பின்பாதியை வைத்துக்கொண்டார்கள், நம் பட்டறைகள் முன்பாதியை வைத்துக்கொண்டன.)

அளக்காமல் மாற்றுவது

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வண்டியிலேயே கிடந்தால் பாதித் தவறுகள் நிகழாது. இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரி, முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி இறங்கிவிட்டது. ஆனால் அந்த எண்ணோடு நிறுத்திவிடுவது தவறு, ஏனெனில் உள்ளே ஒரு செல் பழுதான பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டக்கூடும். செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுகிறதா என்பதே உண்மையான சோதனை. மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கொண்டு ஆறு செல்களையும் தனித்தனியே பாருங்கள். எல்லாம் சமமாகக் குறைந்திருந்தால் சார்ஜ் போட்டால் போதும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவு கீழே இருந்தால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

பேட்டரி தேறிவிட்டால் அடுத்தது கேபிள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் டெர்மினலிலும் (கிளாம்பில் அன்று, டெர்மினலின் ஈயத்தின் மீதே) மறுமுனையை இன்ஜினின் வெற்று இரும்பிலும் வைத்து, செல்ஃபை அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால், செல்ஃபைக் கழற்றுவதை விட்டுவிட்டு, மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் வழியான எர்த் கேபிளைக் கழற்றுங்கள்.

எர்த் கேபிளைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய பிக்கப்பில் எல்லோரும் கடைசியாகப் பார்ப்பதும், என் அனுபவத்தில் பெரும்பாலும் முதலில் பார்த்திருக்க வேண்டியதும் அதுதான். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் இடையே பின்னல் செம்புப் பட்டை ஒன்று கட்டப்பட்டிருக்கும். கிளட்ச் வேலைக்காக கியர் பாக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றுவார்கள். ஏற்றும்போது மறந்துவிடுவதும், பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை இறுக்கிவிடுவதும் உண்டு. எங்கள் வண்டிக்கு ஒருமுறை இதே நேர்ந்தது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ் மாற்றினோம். பிறகு புதிய பேட்டரியும் வாங்கினோம். மூன்றாவது வாரத்தில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் தொட முடியாத அளவுக்குச் சூடாவதைத் தற்செயலாகக் கவனித்தபோதுதான் காரணம் விளங்கியது. எர்த் பட்டை இல்லாததால், மின்சாரம் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் வேறு உலோகம் எதுவோ அதன் வழியே திரும்பிப் போயிருக்கிறது. செல்ஃப் அடித்தவுடன் கேபிள் உறையிலிருந்து புகை வருவதைக் கண்டால், வேறெதையும் தேட வேண்டாம்.

டெர்மினலில் பூத்திருக்கும் பூஞ்சை போன்ற படிவத்தைச் சமையல் சோடா கரைத்த நீர் நீக்கிவிடும். செல் மூடிகள் இறுக மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு ஊற்ற வேண்டும். தளர்ந்த கிளாம்புக்குள் ஆணியையோ தகரத்தையோ செருகிச் சுத்தியால் தட்டுவது, அந்தக் காலை வேளைக்கு உதவினாலும், உள்ளே தகட்டோடு டெர்மினல் இணையும் இடத்தை உடைத்துவிடும். நீர் குறைந்த பேட்டரியில் ஆசிட் ஊற்றுவதும் தவறு: ஆவியாகிப் போனது நீர் மட்டுமே, ஆகவே டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே சேர வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசையில் செய்தால் ஸ்பானர் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

அவசரத்தில் செய்பவை

ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபின் இரு முனைகளையும் இணைத்து வண்டியைக் கிளப்புவது பட்டறைக்குப் பழகிய கை செய்யும் வேலை. வண்டி கியரில் இருந்தால், சக்கரத்தருகே குனிந்திருப்பவர் மேல் அது ஏறிவிடும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சாவி சுவிட்ச் மீதுதான் ஐயம் என்றால், வண்டி நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, சோலினாய்டின் சிறு வயர் முனையில் டெஸ்ட் லேம்பை வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னாலே போதும். லேம்ப் எரிந்தால் சாவியும் வயரும் மின்சாரத்தை அதுவரை கொண்டு சேர்க்கின்றன.

செல்ஃபை 10 நொடிக்கு மேல் விடாமல் அடிக்கக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். வண்டி கிளம்பாத கோபத்தில் ஒரு நிமிடம் தொடர்ந்து அடித்து, டீசலில் இருந்த சிறு கோளாறோடு செல்ஃபையும் சேர்த்துக் கருக்கியவர்கள் உண்டு.

நெடுஞ்சாலையில் பேட்டரி இறங்கி நின்றுவிட்டால், தன் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிளால் மின்சாரம் தர இரக்கப்பட்டு நிறுத்துவது பெரும்பாலும் லாரி ஓட்டுநர்தான். கனரக லாரியில் இருப்பது பெரும்பாலும் 24 வோல்ட் என்பதை இருவருமே அந்த நேரத்தில் மறந்துவிடக்கூடும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கலாம் என்பார்கள். தவறான பேட்டரியைத் தொட்டால் அதன் மைனஸ் முனையே லாரியின் பாடியைவிட 12 வோல்ட் மேலே இருக்கும், இரண்டு வண்டிகளின் உலோகமும் எங்காவது உரசினால் நேரடி ஷார்ட். 12 வோல்ட் வண்டி ஒன்று வரும்வரை காத்திருப்பதே நல்லது. அப்போதும் கடைசி மைனஸ் இணைப்பை இறங்கிய பேட்டரியில் கொடுக்காமல், அதிலிருந்து விலகி, இன்ஜினின் இரும்பில் கொடுக்க வேண்டும், ஏனெனில் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும். பிளஸ், மைனஸ் மாறினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும்.

கிளம்பிய பிறகு, சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க ஓடும் இன்ஜினில் பேட்டரி கிளாம்பைக் கழற்றுவது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிக் கழற்றும் நொடியில் வோல்டேஜ் எகிறி, ரெகுலேட்டரையும் டயோடையும் பாழாக்கலாம். கழற்றாமல் மீட்டரை வைத்தால், 13.8 முதல் 14.4 வரை காட்டும், அது போதும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதில் இரண்டு செய்திகளை மறந்துவிடுகிறோம். இன்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங் உதவாது. பிரேக்குக்கு வெற்றிடம் தரும் பம்பு, பல டீசல் பிக்கப்களில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருப்பதால், பிரேக்கும் கல்லாக இருக்கும். ஆகவே இறக்கத்தில் உருட்டிவிட்டு நம்பிக்கொண்டிருக்க முடியாது. அடுத்து, மின் சோலினாய்டால் டீசலைத் திறக்கும் பம்பு கொண்ட வண்டியில் பேட்டரி முற்றிலும் செத்திருந்தால், எத்தனை பேர் தள்ளினாலும் டீசல் வராது.

செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பற்றவில்லை

இங்கே முதலில் பார்க்க வேண்டியது சைலன்சர். செல்ஃப் அடிக்கும்போது புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெண்புகை வந்தால், போகிறது, ஆனால் எரியவில்லை. புகையில்லாத வண்டியில் பம்பைக் கழற்றுமுன் நிறுத்தும் அமைப்பைப் பாருங்கள். கேபிளை இழுத்து நிறுத்தும் வண்டியானால், துருவேறிய கேபிள் பம்பு லீவரை நிறுத்தும் நிலையிலேயே பிடித்துவைத்திருக்கும். கையால் லீவரைத் திருப்பிவிட்டால் வண்டி ஓடும். சோலினாய்டு உள்ளதானால், சாவியைப் போட்டதும் பம்பருகே மெல்லிய 'டிக்' கேட்க வேண்டும்.

டீசல் தீர்ந்து நின்ற வண்டியில் டீசல் குழாய்க்குள் ஏர் பிடித்திருக்கும். செல்ஃபை அடித்தே ஏரைத் தள்ளிவிடலாம் என்று எண்ணுவது பேட்டரியைக் கொல்லும் வழி. ஃபில்டர் தலையின் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அழுத்தி, இறுக்க வேண்டும். தேவையானால், செல்ஃப் அடிக்கையில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் பைப் நட்டுகளையும் சற்றே தளர்த்தி ஏர் எடுக்கலாம். காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டுகளைத் தொடவே கூடாது: 1,000 பாரைத் தாண்டக்கூடிய அழுத்தத்தில் வரும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஏர் ஃபில்டர் குழாயில் எரியும் துணியைக் காட்டுவதும், பெட்ரோலைத் தெளிப்பதும் டிராக்டர்களிலிருந்து பிக்கப்புக்கு வந்த வழக்கங்கள். குளிரில் சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் பெட்ரோலோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ உரிய கணத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனையோ வளையத்தையோ உடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து விடியல் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு வேண்டியது பெட்ரோல் அன்று. ஹீட்டர் பிளக்குகளுக்கு மின்சாரம் வருகிறதா என்ற சோதனை.

2015, 2023 டிசம்பர்களில் சென்னை கண்டது போன்ற வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இவை எதுவும் பொருந்தாது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஈரம் தெரிந்தால் சாவியைத் தொடாதீர்கள், தள்ளவும் விடாதீர்கள். சிலிண்டரில் புகுந்த நீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர்களை எடுத்து, முன்புற புல்லி நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையால் சுற்றினால் நீர் துளைகள் வழியே பீறிட்டு வரும். அது முழுவதும் நின்று, இன்ஜின் ஆயிலையும் டீசல் ஃபில்டரையும் மாற்றிய பிறகே செல்ஃபுக்கு வேலை.