பழைய நாணயமும் நோட்டும் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைஷ்ணோ தேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம். 786 என்று முடியும் நோட்டுக்கு ஐந்து லட்சம். டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு இரண்டு லட்சம். யூடியூபைத் திறந்தாலும் முகநூலைத் திறந்தாலும் இப்படி ஏதாவது ஒன்று வந்து நிற்கிறது. அந்த வைஷ்ணோ தேவி நாணயம் 2012-ஆம் ஆண்டு தேதியோடு ஏராளமாக அச்சாகிப் புழக்கத்துக்கு வந்த ஒன்று. இன்றும் மளிகைக் கடைச் சில்லறையில் கிடைக்கலாம். நாணயக் கண்காட்சிக்குப் போனால் மேசை மேசையாகக் கொட்டிக் கிடக்கும். அப்படியிருக்க, அதற்குப் பத்து லட்சம் யார் தருவார், எதற்காகத் தருவார்?

இந்தத் துறையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்: நாளைக்கு இதை என்னிடமிருந்து யார் வாங்குவார்? பழைய காசுக்கு வட்டி வராது, வாடகை வராது, டிவிடெண்டும் வராது. அதைத் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு சேகரிப்பாளர் இருந்தால்தான் அதற்கு விலை. பணத்தை இழந்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கியவர்கள், அல்லது அந்த அடுத்த ஆள் தொட மாட்டாத நிலைக்குத் தங்கள் காசைத் தாங்களே கொண்டுபோனவர்கள்.

லட்ச ரூபாய் விளம்பரங்களுக்குப் பின்னால் நடப்பது வேறு வியாபாரம். உங்கள் நாணயத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். உடனே ‘செலக்ட் ஆகிவிட்டது’ என்பார்கள். அப்புறம் பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதம்கூட வாட்ஸ்அப்பில் வரும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: இத்தகைய விற்பனை வாங்கலில் தாங்கள் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தங்கள் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று. வாங்குகிறவர் விற்கிறவரிடம் முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அரிசியை இழுக்கும் செப்புக் காசு, இரிடியம் கலசம் என்று இதற்கு ஒரு பெரியண்ணன் இருக்கிறான். படித்தவர்களும் வசதியானவர்களும் அதில் விழுந்திருக்கிறார்கள். அரிசியை இழுக்கும் காசு என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

பழசு என்பதாலேயே விலை வந்துவிடாது

ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டுப் பழமையானது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவத்தோடு நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர். கேட்கும்போதே மெய்சிலிர்க்கும். ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இது ஏராளமாகக் கிடைத்திருப்பதால், தேய்ந்த காசு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம்.

இன்னொரு கதை இதைவிடச் சுவையானது. சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சடித்த 1808-ஆம் ஆண்டு பத்துக் காசு, இருபதுக் காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் கிளம்பியது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் அது மூழ்கிப்போனது. 1980-களில் மூழ்காளர்கள் அந்தச் சரக்கை வெளியே எடுத்தார்கள். மெட்ராஸைப் பார்க்காத மெட்ராஸ் காசுகள், பல இன்னும் அச்சுக் குலையாமல், மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. இருநூறு ஆண்டுப் பழமையும் கப்பல் விபத்துக் கதையும் சேர்ந்திருந்தும் விலை எட்டிப்பிடிக்கும் உயரத்தில்தான் இருக்கிறது. காரணம், எண்ணிக்கை.

இதற்கு நேர் எதிர் 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். வயதில் இளையது. ஆனால் மிகக் குறைவாகவே வெளிவந்ததால் சேகரிப்பாளர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதனால் 1938 ரூபாயின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கி விற்கும் கைவேலைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஆண்டைப் பார்த்து ஏமாறாமல், அந்த ஆண்டில், அந்த நாணயச் சாலையில் எத்தனை வந்தது, நல்ல நிலையில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

நாணயத்துக்கு அதன் உரிமையாளரே செய்யும் பெரிய கெடுதல் இது. பாட்டியின் பெட்டியில் கறுத்துப்போன விக்டோரியா ரூபாய் கிடைக்கும். உடனே புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். குத்துவிளக்கு துலக்கிப் பழகிய கை, அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தேய்த்த நாணயத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க மெல்லிய கீறல்கள். அமிலம் பட்ட செம்பு உரித்த தோல் மாதிரி வெளிறிய இளஞ்சிவப்பாக நிற்கும். பல பத்தாண்டுகளாகக் காற்றும் உலோகமும் சேர்ந்து உண்டாக்கிய அந்தக் கறுப்பும் பழுப்பும் அழுக்கு அல்ல. பாட்டினா என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் அதுதான், இந்தக் காசில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்குச் சாட்சி. தேய்த்ததும் அது போய்விடும், திரும்ப வராது. தரம் பிரிக்கும் நிறுவனங்கள் அத்தகைய நாணயத்துக்குத் தர எண் போடாமல், ‘கழுவப்பட்டது’ என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், மெத்தென்ற துணியில் ஒற்றி எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பிடிக்கும்போதும் இரண்டு விரலால் விளிம்பைப் பிடியுங்கள். நாணயத்தின் முகத்தில் பட்ட வியர்வை, சில மாதம் கழித்து அப்படியே விரல் ரேகையாகக் கறுத்துத் தெரியும்.

நோட்டில் இதே தவறுக்கு வேறு உருவம். கசங்கிய நோட்டை இஸ்திரி போடுவது, கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவது, பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்வது. பழைய நோட்டுகளில் பல பகுதிகள் விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும்படி அச்சிடப்பட்டவை. சூடு பட்டால் அந்த மேடு தட்டையாகிவிடும், அனுபவசாலி தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார். லேமினேஷன் போட்ட நோட்டு அதோடு முடிந்தது. நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் ‘யூ.என்.சி.’ என்ற புதுநிலைத் தரம் போய்விடும், விலையில் பெரிய பள்ளம் விழும்.

ஓட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வங்கிகள் நோட்டுக் கட்டுகளை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2001-இல்தான் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொன்னது. அதனால் பழைய நோட்டுகளில் பின் ஓட்டை இருப்பது சகஜம், இல்லாதது கூடுதல் விலைக்குப் போகும். அதற்காகவே ஓட்டையைக் காகிதக்கூழால் அடைத்து விற்பவர்கள் உண்டு. வாங்குமுன் வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

சேமிப்பு விஷயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: மலிவான பி.வி.சி. உறை வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது கசிந்து நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். பி.வி.சி. இல்லாதது என்று எழுதியிருக்கும் ஆல்பம் சற்று விலை அதிகம், அவ்வளவுதான்.

அச்சுப் பிழை என்று நினைத்து ஏமாறுவது

ஒரு ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இல்லை, ஆகவே அபூர்வம் என்று விற்க வருவார்கள். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது இந்திய அரசு. அதில் நிதித்துறைச் செயலர்தான் கையெழுத்திடுவார். வரிசை எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருந்தால் அது கள்ளநோட்டும் இல்லை, பிழையும் இல்லை. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாகப் போடப்படும் மாற்று நோட்டு அது. நட்சத்திர நோட்டுகளுக்கென்று சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் எல்லா நட்சத்திரத்துக்கும் விலை கிடையாது.

நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள், எந்த ஊர் நாணயச் சாலையில் அச்சானது என்று சொல்லும் குறி அங்கேதான் வரும். வைரக் குறி என்றால் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லை என்றால் கொல்கத்தா. ‘குறியே விழவில்லை, மிஸ்பிரிண்ட்’ என்று இருபது மடங்கு விலை சொல்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உண்மையான அச்சுப் பிழைகள் உண்டு, படம் ஒருபக்கம் நகர்ந்து விழுந்தது போல. ஆனால் சந்தையில் பிழை என்று வருவதில் பாதிக்கு மேல் சுத்தியலால் அடி வாங்கியதும் அரத்தால் ராவியதும்தான் என்பது என் எண்ணம்.

கிழக்கிந்தியக் கம்பெனி பெயரோடு ராமர் பட்டாபிஷேகம், அனுமன், ஓம் என்று பொறித்து 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்ட தடிமனான காசுகளைச் சுற்றுலாத் தலங்களிலும் கோயில் வாசல்களிலும் பார்த்திருப்பீர்கள். கம்பெனி அப்படி ஒன்றை வெளியிட்டதே இல்லை. பூஜை அறையில் வைக்கலாம், முதலீட்டுக் கணக்கில் வேண்டாம்.

வெள்ளிக் கணக்கு

முதலீடு என்று வருபவர்கள் பெரும்பாலும் வெள்ளி ரூபாயில்தான் தொடங்குகிறார்கள். இங்கே தராசும் காந்தமும் இல்லாமல் இறங்காதீர்கள். பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், ஒரு கிராம் குறைந்தாலோ கூடினாலோ சந்தேகப்பட வேண்டும். வார்ப்புப் போலிகளில் எழுத்துகள் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றிலும் இணைப்புக் கோடு ஓடும்.

எடை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வெள்ளி ஒன்றல்ல. 1939 வரையிலான ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அது பாதியாகக் குறைந்தது. 5.83 கிராம்தான் தேறும். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. புலி நடக்கும் அந்த அழகான நாணயம் சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும், ஒட்டினால்தான் அது அசல். 1943 ரூபாயை 1913 ரூபாயின் விலைக்கு வாங்கிவிட்டு வெள்ளி விலை ஏறக் காத்திருப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நினைவு நாணயங்களிலும் இதே கணக்கைப் போடுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த 1000 ரூபாய் நாணயம் 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. ஆக 28 கிராம். வாங்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்தால், கேட்கும் விலையில் உலோகம் எவ்வளவு, மோகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மோகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று இல்லை. தெரிந்து கொடுக்க வேண்டும். இன்னொன்று, வாங்கிய டீலரிடமே மறுநாள் திருப்பிக் கொடுத்தாலும் அதே விலை கிடைக்காது. அவர் லாபம் நடுவில் இருக்கிறது. ஏலத்தில் விற்றால் ஏல நிறுவனத்தின் கமிஷன் போகும். ஆகவே ஓரிரு ஆண்டில் லாபம் பார்க்கும் நினைப்பு இங்கே சரிவராது.

சட்டம்

வீடு கட்டத் தோண்டும்போது காசுப் பானை கிடைத்தால் அது கிடைத்தவருடைய சொத்தாகிவிடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் 2020 பிப்ரவரியில் 505 தங்கக் காசுகள் பானையோடு கிடைத்தபோது அவை அதிகாரிகளிடம்தான் போய்ச் சேர்ந்தன. ‘நிலத்தில் கிடைத்தது, ரகசியமாகத் தருகிறேன்’ என்று யாராவது வந்தால், பொருள் போலியாக இருக்கும், உண்மையாக இருந்தால் வழக்காகும். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கூரியரில் போட்டு அனுப்ப முடியாது.

அப்புறம், 2016-இல் செல்லாது என்று அறிவித்த 500, 1000 ரூபாய் நோட்டுகள். இவற்றை நினைவுக்காகப் பத்து வரை வைத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் என்றால் 25 வரை. அதற்கு மேல் வைத்திருப்பது 2017-இல் வந்த சட்டப்படி குற்றம், பத்தாயிரம் ரூபாய் அல்லது நோட்டு மதிப்பின் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விழும். கட்டுக்கட்டாக வாங்கிப் பதுக்கினால் எதிர்காலத்தில் விலை போகும் என்று ஆலோசனை சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 2000 ரூபாய் நோட்டு இந்தச் சட்டத்தில் வராது. 2023 மே மாதம் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தாலும் அது செல்லும் பணம்தான். ஆல்பத்தில் வைக்கத் தடை ஏதும் இல்லை. அதற்கு 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் அவசியமும் இப்போதைக்கு இல்லை.