வளர்ந்த பிள்ளையைத் தத்தெடுக்க: நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"கைக்குழந்தைன்னா சரி, எட்டு வயசுப் பிள்ளை நம்மகிட்ட ஒட்டுமா?" நம்ம பக்கத்தில் தத்து என்ற பேச்சை எடுத்தாலே ஆச்சிமார் முதலில் கேட்பது இதைத்தான். ஒட்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்கும் உங்களைப் பிடிக்க வேண்டும். சட்டமே அதன் விருப்பத்தைக் கேட்கச் சொல்கிறது.

எந்தச் சட்டம்?
2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பாளையங்கோட்டை கிறிஸ்தவக் குடும்பம், மேலப்பாளையம் முஸ்லிம் குடும்பம் என்று வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் இது பொருந்தும். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது என்பது போன்ற தடைகள் அதில் இருக்கின்றன. தெரிந்தவர் மூலம் நேரடியாகப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் பேச்சுக்கே போகாதீர்கள். முறையை மீறித் தத்தெடுத்தால் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

வயதுக் கணக்கு
4 முதல் 8 வயதுப் பிள்ளைக்குத் தம்பதியின் கூட்டு வயது 100-ஐத் தாண்டக் கூடாது. 8-க்கு மேல் என்றால் 110. தனி ஆள் என்றால் முறையே 50, 55. கணவருக்கு 54, மனைவிக்கு 50 என்றால் கைக்குழந்தைக்கு வழியில்லை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உண்டு. பிள்ளைக்கும் உங்களுக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி வேண்டும். தம்பதி என்றால் 2 ஆண்டாவது நிலையான மணவாழ்க்கை வாழ்ந்திருக்க வேண்டும். தனியாக வாழும் ஆண், பெண்பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது.

பதிவு
மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிய வேண்டும். ஆதார், பான், திருமணச் சான்று, வருமானச் சான்று, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் முதலிலேயே ஸ்கேன் செய்து வையுங்கள். இணையம் பழக்கமில்லையா? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவி கேட்கலாம்; கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 2019-இல் பிரிந்த தென்காசி மாவட்டத்துக்காரர்கள் தங்கள் மாவட்டத்திலேயே கேட்க வேண்டும்.

அடுத்து சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டைப் பார்த்து, உங்களோடும் வீட்டில் இருப்பவர்களோடும் பேசி அறிக்கை தருவார். அது 3 ஆண்டு செல்லும். பலகாரம் அடுக்கி வரவேற்கத் தேவையில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் போதும்.

பிள்ளையைச் சந்திப்பது
பிள்ளையின் விவரம் இணையதளத்தில் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையை உங்களுக்கென்று முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர் மருத்துவ அறிக்கையையும் பிள்ளை பற்றிய அறிக்கையையும் வரி விடாமல் படியுங்கள். எத்தனை இடம் மாறியது, உடன்பிறப்பு உண்டா என்று, பிள்ளை இருக்கும் தத்தெடுப்பு மையத்தில் கேளுங்கள்.

போகும்போது ஒரு சின்ன ஆல்பம் கொண்டுபோங்கள். வீட்டு வாசல், அது படுக்கப்போகும் கட்டில், ஆச்சி, தாத்தா, சேரப்போகும் பள்ளி, தெருமுனைக் கடை என்று படம் ஒட்டி, கீழே பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள். முகமும் இடமும் முன்பே தெரிந்த வீட்டுக்கு வருவது பிள்ளைக்கு எவ்வளவோ மேல். "அம்மான்னு கூப்பிடு" என்று சொல்லவே சொல்லாதீர்கள். அத்தை, ஆன்ட்டி, எது வாயில் வருகிறதோ அப்படியே கூப்பிடட்டும். முதல் சந்திப்பில் அது பேசாமல் முறைத்துக்கொண்டு இருந்தாலும் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; இன்னொரு முறை பார்க்க மையத்தில் கேளுங்கள்.

ஆணை
நீங்கள் சம்மதித்தபின், இறுதித் தத்து ஆணைக்கு முன்பே தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பாகப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வரலாம். ஆணை கேட்டு மனுவை மையம் தாக்கல் செய்யும். 2022 செப்டம்பரிலிருந்து இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம். மாவட்ட ஆட்சியரே ஆணை தருகிறார்.

வந்தபின்
2 ஆண்டுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணியாளர் வந்து பார்ப்பார். தலையணைக்கடியில் பிஸ்கட்டை ஒளித்துவைக்கிறது, ராத்திரி தூங்கமாட்டேன் என்கிறது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், ஆலோசனை கிடைக்கும். பள்ளியில் படிப்பு பின்தங்கியிருந்தாலும் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், தனிப்பயிற்சியும் தர வேண்டும். ஆணை கையில் வந்ததும் உங்கள் பெயர் பெற்றோராக உள்ள பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் அதை வைத்துத்தான். பிள்ளையின் பெயரை மாற்ற நினைத்தால், விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் அதனிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் பழைய பெயரையே எழுதுங்கள்.